அவர் எனக்குச் சொல்லாத புத்தகங்கள்

ஜூன் 3, திங்கள்

கோயமுத்தூர் டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் என்ன சாப்பிட்டார், எப்போ தூங்கினார், எதை மறந்தார்னு ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்கம்மா" என்றார். மகன் கதிரவன் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கி எழுதாமல் விட்ட டைரி பீரோவில் இருந்தது. பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறேன்.

காலையில் இரண்டு இட்லி. மாத்திரை மூன்றும் போட்டார். பல் தேய்த்ததை மறந்து மறுபடியும் தேய்த்தார். மதியம் ரசம் சாதம், கொஞ்சம். மூன்று மணி வரை தூக்கம்.

டாக்டர் படிப்பதற்காக: என் வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து, வயது எழுபது. உடுமலைப்பேட்டையில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ரீடிங் குறிக்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு நாவலின் பெயரையும் எழுதிவிட்டு வருவார். இரண்டு மாதம் கழித்துப் போகும்போது, "போன தடவை சொன்னது படிச்சீங்களா?" என்று கேட்பார். அந்த அம்மா எதைப் படித்து அழுதாள், எந்தப் பையன் எதைப் பாதியில் வைத்தான் என்றெல்லாம் மனதிலேயே வைத்திருப்பார். எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் என்பது பிசகியதே இல்லை. ரிடையர் ஆன பிறகு ஜனங்கள் வீட்டுக்கே வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் கேட்டதில்லை. அவரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது.

ஜூன் 5, புதன்

நன்றாகச் சாப்பிட்டார். சட்டையை உள்பக்கம் வெளியே வரப் போட்டிருந்தார். மாற்றிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஜீனத் வந்தாள். காந்தி நகரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து இவர் சொல்கிற புத்தகங்களைத்தான் படிக்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

"வாங்க ஜீனத்" என்றார். பெயர் சரியாக வந்தது. எனக்கே நிம்மதியாக இருந்தது. "உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பரிசல் ஓட்டறவனோட கதை. ஆத்துல அணை கட்டிடறாங்க, இவனுக்கு வேலை போயிருது."

போன மாதமும் அதையேதான் சொன்னார். அதற்கு முந்தின தடவையும். ஜீனத் அதைப் படித்துத் திருப்பிக் கொடுத்து மூன்று வருடம் இருக்கும்.

"கேக்கவே நல்லா இருக்குதுங்க சார். குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

வாசல்வரை போய்ச் சொன்னேன். "கீழ் வரிசையில பச்சை அட்டை ஒண்ணு இருக்கும் ஜீனத். மலை மேல டீத்தோட்டத்துல வேலை பாக்கற ரெண்டு சிநேகிதிங்க கதை. அது நீ படிச்சிருக்க மாட்டே. அடுத்த தடவ எடுத்துக்கோ. மொத அம்பது பக்கம் இழுக்கும், விட்டுராத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க படிச்சீங்களாக்கா?"

"அவரு யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தாரு. காதுல விழுந்துது."

ஜூன் 12, புதன்

இட்லி வேண்டாம் என்றார். பிறகு நான்கு சாப்பிட்டார்.

ஜூன் 19, புதன்

துணி காயப் போட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். வெளி கேட் திறந்து கிடந்தது. செருப்பில்லாமல் இரண்டு தெரு ஓடினேன்.

மூன்றாவது தெருவில் புதிதாகக் கட்டிய வீடு. மீட்டர் பெட்டிக்கு எதிரே நின்று உள்ளங்கையில் பேனாவால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் சின்ன வயது, இந்த ஊருக்கே புதிது. ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"போன தடவை சொன்ன நாவலைப் படிச்சீங்களான்னு கேட்டாருங்க" என்றாள் என்னிடம். "நான் இவரை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. படிச்சேன், நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை என்றேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். வரும் வழியெல்லாம், "இந்தத் தெருவுல நல்ல வாசகருங்க புள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டேன். கேட்டுக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

கதிரவன் ஓசூரிலிருந்து வந்தான். பூட்டு விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கக் கூடாது.

"அம்மா, இனி தனியா இருக்க முடியாது. ஆகஸ்ட்ல அங்க வந்துருங்க. ஒரு ரூம் உங்க ரெண்டு பேருக்கும்."

"புஸ்தகம்?"

அலமாரிகளைப் பார்த்தான். ஆயிரத்து நானூறுக்கு மேல் இருக்கும். "எங்க வெக்கறது சொல்லு. ஒரு காலேஜ்ல கேட்டிருக்கேன். எடுத்துக்குவாங்க."

"உங்கப்பாகிட்ட கேளு."

"அவருகிட்ட என்னத்தக் கேக்கறது?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே கண் கலங்கிவிட்டது. அப்பாவின் நகத்தை வெட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பினான்.

ஜூன் 30, ஞாயிறு

காலேஜில் பாடப் புத்தகம் மட்டும்தான் வேண்டுமாம், நாவல் வேண்டாமாம். கதிரவன் போனில் சொன்னான். இவருக்கு லேசாகச் சளி.

ஜூலை 7, ஞாயிறு

ஜீனத் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவள் மகள் அஃப்ரீனுக்கு எட்டாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டதாம். பத்து நாள் ஆகிறது. எனக்குச் சொல்லிவிட ஆளில்லை என்றாள்.

"ரூமை விட்டு வரமாட்டேங்கறாக்கா. செவுத்தைப் பாத்துட்டே படுத்திருக்கா. சின்ன வயசுல சார் குடுத்த புஸ்தகத்தையெல்லாம் படிச்சவதானே. அவளுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க சார்."

இவர் உடனே எழுந்தார். மாதக்கணக்காக அப்படித் தெளிவாக நான் பார்த்ததில்லை. தடுமாறாமல் இரண்டாவது அலமாரிக்குப் போய், மேல் தட்டில் கையை விட்டு, நீல அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தார். தாளெல்லாம் உப்பி, சரியாக மூடாமல் வாய் பிளந்திருக்கும் புத்தகம்.

"இதைக் குடுங்க" என்றார். "ரயில்வே கேட் பாத்துக்கற ஒருத்தனோட குடும்பம். இதுல எல்லாம் எழுதியிருக்கு."

ஜீனத் கை நீட்டியதுதான் தெரியும். நான் பிடுங்கிவிட்டேன்.

"அதைக் குடுக்காதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க. ஒரு தடவ குடுத்தது போதாதா உங்களுக்கு?"

தெருவுக்கே கேட்டிருக்கும். இவர் அலமாரியோடு ஒட்டி நின்றார். எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாத பார்வை. ஜீனத் பர்தாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போனாள்.

மதியம் சாப்பிடவில்லை. இரண்டு பேரும்தான்.

ஏன் கத்தினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. டாக்டர் கேட்டது இவரைப் பற்றி மட்டும்.

ஜூலை 8, திங்கள்

காலையில் ஒரு தோசை. மாத்திரை போட்டார். நேற்று நடந்தது அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம்.

கதிரவனுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். பூங்கோதை. மூன்று வயதும் இரண்டு மாதமும். எண்பத்தாறாம் வருடம் ஜூன் மாதம் மூளைக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். இவர் அழவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் மீட்டர் எடுக்க லைனுக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்தபடி இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, என் பக்கத்தில் அந்த நீல அட்டைப் புத்தகத்தை வைத்தார். "படி புள்ள" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்ததையெல்லாம் படித்தவள்தான் நான். இரண்டு பேரும் படித்துவிட்டுச் சண்டை போடுவோம். அதனால் எடுத்தேன். தொண்ணூறாம் பக்கம்வரை வந்தேன். அதில் கேட் கீப்பருடைய குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டியில் வீசினேன். "இனி செத்தாலும் என் கையில ஒரு புஸ்தகம் குடுக்காதீங்க" என்றேன்.

"சரி" என்றார். தொட்டியிலிருந்து எடுத்து, மொட்டை மாடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காய வைத்தார். நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம். சொன்ன சொல் தவறவில்லை. ஊரெல்லாம் புத்தகம் சொன்னார். எனக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு வருடத்திலேயே என் கோபம் தீர்ந்துவிட்டது. அதை நானும் சொல்லவில்லை.

அவர் லைனுக்குப் போன பிறகு எடுத்துப் படிப்பேன். அவர் வருவதற்குள் இருந்த இடத்தில் அதேபோல வைத்துவிடுவேன். இந்த ஆயிரத்து நானூறில் நான் படிக்காதது இருபது முப்பது இருக்கலாம். அந்த நீல அட்டையைத் தொட்டதில்லை.

ஜூலை 12, வெள்ளி

பக்கத்து வீட்டு ரங்கநாயகியை இவருடன் உட்கார வைத்துவிட்டு ஜீனத் வீட்டுக்குப் போனேன். பையில் ஒரு புத்தகம் எடுத்துப் போனேன். மூன்று அக்கா தங்கைகள் சேர்ந்து மெஸ் நடத்துகிற கதை. நான் நான்கு தடவை படித்தது. யாரும் சாகாத கதை.

அஃப்ரீன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

"படிக்க முடியல ஆன்ட்டி. எழுத்தெல்லாம் ஓடுது" என்றாள், திரும்பாமலே.

"படிக்க வேண்டாம் கண்ணு. சும்மா பக்கத்துல கெடக்கட்டும். முடியறப்ப எடுத்துக்கோ."

எல்லாரும் இன்னொன்று பிறக்கும் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால், "எனக்கும் ஒண்ணு போயிருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் காய்ந்து கிடந்தது. "உங்க பாப்பா பேரு என்ன ஆன்ட்டி?"

சொல்ல வாயைத் திறந்தேன். சட்டென்று வரவில்லை. கடைசியாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது எப்போது என்று யோசித்தேன். வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. கதிரவனுக்கே அவள் பெயர் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"பூங்கோதை."

"எங்க பாப்பாவுக்கு நாங்க பேரே வெக்கல ஆன்ட்டி" என்றாள். அப்போதுதான் அழுதாள். ஜீனத் கதவுக்கு வெளியே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து நாளாக இந்தப் பெண் அழவே இல்லையாம்.

வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிட்டது. இவர் ரங்கநாயகிக்குப் பரிசல்காரன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 13, சனி

உப்புமா. மாத்திரை. குளிக்க மாட்டேன் என்று அடம்.

ஜூலை 20, சனி

இரண்டு நாளாக அந்த நீல அட்டைப் புத்தகத்தைப் படித்தேன். இவர் தூங்கும் நேரத்தில் மட்டும். தாள்கள் அப்பளம்போல மொடமொடவென்று இருக்கின்றன. சில எழுத்து கரைந்திருக்கிறது.

தொண்ணூறாம் பக்கத்தைத் தாண்டினேன். குழந்தை இறந்துவிடுகிறது. அதற்கப்புறம் நூற்று இருபது பக்கம் இருக்கிறது. நான் நினைத்திருந்ததுபோல அது குழந்தையின் கதை இல்லை. அந்த ஆளின் கதை. ரயில் வரும்போது கேட்டை மூடுகிறான், போன பிறகு திறக்கிறான். மனைவியிடம் பேசப் போகிறான், பேசாமல் திரும்புகிறான். ஒவ்வொரு நாளும் அதேதான். கடைசி அத்தியாயத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போகிற சத்தத்துக்குள் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காதபடி, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான்.

நான் படித்திருக்க வேண்டும். அன்றைக்கே முழுவதும் படித்திருக்க வேண்டும்.

இவர் மதியம் மோர் சாதம் சாப்பிட்டார்.

ஜூலை 24, புதன்

ரங்கநாயகியை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். அவள் போன பிறகு, காய்ப் பையோடு கூடத்துக்கு வந்தேன். இவர் எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம். "வா புள்ள", "போ புள்ள"தான். இவர் வாயில் எனக்கு ஒரு "வாங்க" வந்ததில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். புத்தகம் கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி அது.

"கடைசியா எதைப் படிச்சீங்க?" என்றார்.

இவர் மற்றவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது எத்தனை ஆயிரம் தடவை சமையலறையில் என் காதில் விழுந்திருக்கும்.

"ரயில்வே கேட் கதைங்க" என்றேன்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"இப்பத்தாங்க முடிச்சேன்."

தலையை ஆட்டினார். "நல்ல புஸ்தகம்ங்க. ஆனா அதை நேரம் பாத்துத்தான் குடுக்கோணும். நான் ஒருக்கா தப்புப் பண்ணிட்டேன். எம்பட சம்சாரத்துக்குக் குடுத்துட்டேன். குடுத்திருக்கக் கூடாது."

"ஏனுங்க குடுத்தீங்க?"

"எனக்குப் பேச வர்லீங்க" என்றார். "அவளோட பேசோணும்னு தெனமும் நெனப்பேன். வாய் வராது. அதுல எல்லாம் எழுதியிருந்துது. படிச்சான்னா தெரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

அவரே தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணுமே சொன்னதில்லீங்க. படிக்கறப்பவே தோணும், இது அவளுக்குப் புடிக்கும், இந்த எடத்துல சிரிப்பான்னு. அப்படி எத்தனையோ இருந்துது. எடுத்துக் குடுக்கப் பயம்."

"அவங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லோணும்ங்க. கடைக்குப் போயிருக்கறா. வந்தா சொல்லிருவேன்." வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துதுங்க. பேரு..."

நெற்றியைச் சுருக்கினார். விரல் தொடையில் எதையோ எழுதியது, அழித்தது. மறுபடி எழுதியது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பூங்கோதை" என்றேன்.

"ஆமாங்க. பூங்கோதை. பூங்கோதை." இரண்டு தடவை சொன்னார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

காபி போடுகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

கதிரவனிடம் ஓசூர் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். புத்தகங்களை எங்கேயும் அனுப்ப வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். ஜீனத்திடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வர ஆரம்பித்தார்கள். காந்தி நகர், நெசவாளர் காலனி, ரயில் நிலையத்துத் தெரு. இவர் ரீடிங் எடுத்த வீடுகள். சிலர் தங்கள் பழைய அட்டையைக்கூட எடுத்து வந்தார்கள். ஓரத்தில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. இவரைச் சட்டை மாற்றிக் கூடத்தில் உட்கார வைத்தேன். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். ஒருவர் பெயரும் வரவில்லை.

வந்தவர்கள் அலமாரி முன்னால் திகைத்து நின்றார்கள். இதுவரை அவர் கையால் எடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். எதை எடுப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூடத்துக்கு வந்தேன்.

"மாமனார் மாமியாரோட இருக்கறீங்களா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அப்ப இதை எடுத்துக்குங்க. ஆனா அவங்க கண்ணுல படாம படிங்க." சிரித்தாள். பெண்ணை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் ஒருவருக்குக் கடிதங்களாலேயே எழுதிய நாவலை எடுத்துக் கொடுத்தேன். "இது ரொம்ப மெதுவாப் போகும். ஒரு நாளைக்கு ஒரு கடிதத்துக்கு மேல படிக்காதீங்க." எனக்கே தெரியாது, இவ்வளவு பேசுவேன் என்று. ஜீனத் திருப்பிக் கொண்டுவந்த பரிசல்காரன் கதையை மூன்றாவது தெருப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தவளுக்கு.

கதிரவன் அட்டைப் பெட்டியை மடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இதெல்லாம் நீ படிச்சிருக்கியா?"

"ஆமா."

"எப்போ?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்" என்றேன்.

ஜீனத்தோடு அஃப்ரீனும் வந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். மெஸ் கதையை ஐம்பது பக்கம் படித்திருக்கிறாளாம். "நடுவுல ஒரு எடத்துல சிரிச்சுட்டேன் ஆன்ட்டி. அப்புறம் தப்புப் பண்ணின மாதிரி இருந்துச்சு" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். நீல அட்டையை அவளுக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் இரண்டு அலமாரி காலியாகிவிட்டது. கூட்டம் குறைந்த நேரம். இவர் நாற்காலியை விட்டு எழுந்து என்னிடம் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்.

"நீங்க நல்லா எடுத்துச் சொல்றீங்கம்மா. காலையில இருந்து கேட்டுட்டிருக்கேன். எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்."

பக்கத்தில் நின்ற ஜீனத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எந்த மாதிரி வேணுங்க?" என்றேன்.

"பெரிய கதையா வேணும்ங்க. சீக்கிரம் முடியாததா."

மலை டீத்தோட்டத்துச் சிநேகிதிகளின் கதை இன்னும் இருந்தது. அறுநூறு பக்கம். கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புரட்டிப் பார்த்தார். எழுத்தை இப்போதெல்லாம் அவரால் கூட்ட முடிவதில்லை.

"நீங்களே படிச்சுச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன், ஓசூர்

இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியின் சுவர். இவருக்கு இடம் பிடிபடவில்லை. எந்தக் கதவு குளியலறைக்கு என்று சுவரெல்லாம் தடவுகிறார். கதிரவன் மனைவி பொறுமையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். நல்ல பெண்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் படிக்கிறேன். எண்பதாம் பக்கம் வந்திருக்கிறோம். முந்தின நாள் கதை அவருக்கு நினைவிருப்பதில்லை. அதனால் இரண்டு பக்கம் பின்னால் போய்த் தொடங்குவேன். சில இடத்தில் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். எல்லாம், நான் சிரிப்பேன் என்று அவர் நினைத்த இடங்கள்தானா என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

இன்றைக்கு ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடினேன். இவர் கையை நீட்டி மூட விடாமல் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நேரமாச்சுங்களா?"

"இல்லீங்க. சொல்லுங்க."

"எம்பட சம்சாரம் இன்னும் வர்ல. அவ வர்ற வரைக்கும் படிங்களேன்."

வந்துவிடுவார்கள் என்றேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன்.